ஊருக்கேற்ற சாளரம்

வீட்டுச் சுவரில் அமைந்த திறப்புக்குத் தமிழில் பல பெயர்கள் உண்டு. அவற்றுள் பழமையான ஒன்று காலதர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழி காலதர் ஆயிற்று. சிலப்பதிகாரத்தில் இச்சொல் இடம்பெற்றுள்ளது. பல கண்களை உடையது பலகணி எனப்பட்டது. சாளரம் என்னும் சொல் எழுத்து வழக்கில் இன்றும் வாழ்கிறது. அன்றாடப் பேச்சில் வழங்கும் சன்னல் என்பது போர்ச்சுகீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. ஆங்கிலத்தில் சாளரத்தைக் குறிக்கும் சொல்லும், 'காற்றின் கண்' எனப் பொருள்படும் பழைய நார்ஸ் மொழிச் சொல்லிலிருந்து பிறந்ததே. மொழிகள் வேறாயினும் சாளரத்தின் முதற்கடமை காற்றைப் பற்றியது என்பதை இப்பெயர்கள் உணர்த்துகின்றன.

இன்று கட்டப்படும் வீடுகள் பலவற்றில் அந்தக் கடமை மறக்கப்பட்டுவிட்டது. காற்றுக்கு வழிவிட வேண்டிய சாளரம் வெயிலுக்கு வழிவிடுகிறது. குளிரைத் தடுக்க வேண்டிய சாளரம் குளிரை உள்ளே அழைத்து வருகிறது. அதன் விலையை அங்கு வாழ்வோர் மின்கட்டணமாகவோ விறகுச் சுமையாகவோ செலுத்துகின்றனர். சாளரம் ஊரின் தட்பவெப்பத்துக்கு ஏற்ப அமைய வேண்டும். அவ்வாறு அமைக்கும் பொறுப்பு, குடியிருப்போரைவிட வீட்டைக் கட்டிக் குடியமர்த்துவோருக்கே மிகுதியாக உண்டு. இதுவே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து.

இரு நிலங்கள், இரு தேவைகள்

கேரளத்தின் எல்லைப் பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் மிகுதியாக வாழும் இரு மாவட்டங்கள் பாலக்காடும் இடுக்கியும். இரண்டும் ஒரே மாநிலத்தில் இருப்பினும் அவற்றின் தட்பவெப்பம் வேறு வேறு.

மேற்குத் தொடர்ச்சி மலையில் அமைந்த பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். அதன் வழியே கோடையில் தமிழ்நாட்டுச் சமவெளியின் வறண்ட காற்று வீசுகிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் வெப்பநிலை சில நாள்களில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுகிறது. 2024 ஏப்ரல் இறுதியில் பாலக்காட்டு மாவட்டத்துக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறை வெப்ப அலை எச்சரிக்கை விடுத்தது. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வாளையாறு ஆகிய இடங்களில் வாழ்வோர் இந்த வெப்பத்தை நன்கு அறிவர்.

இடுக்கி மாவட்டத்து மூணாறு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழி, தை மாதங்களின் சில விடியற்காலைகளில் அங்கு வெப்பநிலை 0 டிகிரியைத் தொடும். புல்வெளிகளில் உறைபனி படியும். தென்மேற்குப் பருவமழைக் காலத்திலோ பல நாள்கள் ஞாயிறே தெரியாது. சுவரும் துணியும் ஈரமாகவே இருக்கும்.

ஆகவே, பாலக்காட்டுச் சாளரம் வெயிலைத் தடுத்துக் காற்றை விடுதல் வேண்டும். மூணாற்றுச் சாளரம் வெயிலை விட்டுக் குளிர்காற்றைத் தடுத்தல் வேண்டும். ஒன்றின் பணி மற்றொன்றின் பணிக்கு நேர்மாறானது. ஆயினும் கடைகளில் கிடைக்கும் ஒரே வகை அலுமினியச் சாளரமே இரண்டு ஊர்களிலும் பொருத்தப்படுகிறது.

ஒரே சாளரத்தைக் காலத்துக்கேற்பக் கையாளும் அறிவு தமிழர்க்குப் புதியதன்று. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை, வாடைக்காற்று வீசும் குளிர்காலத்தைக் காட்டுகிறது. வேனிலில் தென்றல் வரத் திறந்து வைத்த சாளரங்களை அக்காலத்தில் தாழிட்டு அடைத்து, மக்கள் கணப்புச் சட்டியின் அருகே குளிர்காய்ந்ததை அதில் நக்கீரர் கூறுகிறார். வேனிலுக்கு ஒரு முறை, கூதிருக்கு ஒரு முறை என வகுத்துக்கொண்ட அந்தத் தெளிவு இன்றைய வீடுகளுக்கும் தேவை.

வெயிலை வெளியே நிறுத்துக

ஞாயிற்றின் ஒளி கண்ணாடியை எளிதில் கடக்கும். அறைக்குள் புகுந்த ஒளி தரையிலும் சுவரிலும் பட்டு வெப்பமாக மாறும். அந்த வெப்பம் கண்ணாடியின் வழியே அதே எளிமையில் வெளியேறாது. ஒரு சதுர மீட்டர் அளவுள்ள மேற்குச் சாளரத்தின் மீது கோடைப் பிற்பகல் வெயில் நேராக விழுந்தால், ஏறத்தாழ 500 வாட் வெப்பம் உள்ளே வரக்கூடும். 1,000 வாட் இஸ்திரிப்பெட்டியைப் பாதி நேரம் இயக்கி அறையின் நடுவே வைத்திருப்பதற்கு இது ஒப்பாகும். பழைய வகை மின்விசிறி ஒன்று ஏறத்தாழ 75 வாட் மின்சாரத்தில் சுழல்கிறது. அது அறையைக் குளிர்விப்பதில்லை. சூடேறிய காற்றையே சுற்றிச் சுற்றி வீசுகிறது.

வெயிலைத் தடுக்கப் பலர் அறைக்குள் திரைச்சீலை தொங்கவிடுகின்றனர். அது கண்ணுக்கு நிழல் தரும். வெப்பத்தைப் போதிய அளவு தடுக்காது. ஒளி கண்ணாடியைக் கடந்த பிறகே திரையைத் தொடுகிறது. சூடேறிய திரை தன் வெப்பத்தை அறைக்குள்தான் விடும். வெளியே கட்டிய கீற்றுத் தட்டியோ மூங்கில் தட்டியோ நிழல்வலையோ அவ்வாறன்று. வெயிலை அது கண்ணாடிக்கு முன்னரே நிறுத்திவிடும்; வெப்பமும் வெளிக்காற்றில் கலந்துவிடும். விலைமிகுந்த திரையைவிட எளிய கீற்றுத் தட்டி சிறந்தது என்பதற்கு இதுவே காரணம்.

திசையையும் அறிதல் வேண்டும். பாலக்காட்டில் ஏப்ரல் நடுப்பகுதியில் நண்பகல் ஞாயிறு தலைக்கு நேர் மேலே நிற்கும். சாளரத்தின் மேல் நீண்ட சிறிய சன்ஷேடே அந்த வெயிலைத் தடுத்துவிடும். பிற்பகல் மூன்று மணிக்குப் பின் நிலைமை வேறு. ஞாயிறு மேற்கே தாழ்ந்து, அதன் கதிர்கள் சாய்ந்து வரும்போது சன்ஷேடின் அடியில் அவை நுழைந்துவிடும். எனவே மேற்குச் சாளரத்துக்குச் செங்குத்தான மறைப்பே பயன்தரும். தட்டியாயினும் கொடிப் பந்தலாயினும் வேப்பமர நிழலாயினும் அந்தப் பணியைச் செய்யும்.

வெயிலைத் தடுத்த பிறகு காற்றுக்கு வழி வேண்டும். இரு பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நகரும் அலுமினியச் சாளரத்தை முழுவதும் தள்ளினாலும் பாதியே திறக்கும். மற்றப் பாதி எப்போதும் மூடியே இருக்கும். கீல் வைத்த பழைய மரக்கதவுச் சாளரமோ ஏறத்தாழ முழுமையாகத் திறக்கும். அழகுக்காகவும் எளிமைக்காகவும் நகரும் சாளரத்தைத் தேர்ந்தெடுக்கும் குடும்பம், பணம் கொடுத்துப் பாதிக் காற்றை இழக்கிறது. இழந்த காற்றுக்கு ஈடாக மின்விசிறி கூடுதல் நேரம் ஓடுகிறது.

எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதற்கும் ஒரு நெறி உண்டு. வெளிக்காற்று அறைக்காற்றைவிடச் சூடாக இருக்கும் நண்பகலில் மூடி வைக்கலாம். வெளியே குளிரத் தொடங்கியதும் திறக்க வேண்டும். தகரக் கூரை வேய்ந்த அறைகளில் பகலிலேயே உள்வெப்பம் மிகுந்துவிடும். அங்கு நண்பகலிலும் திறந்தே வைத்தல் நன்று. கடிகாரத்தைப் பார்ப்பதைவிட, வாசலில் நின்று உள்ளும் புறமும் வெப்பத்தை உணர்ந்து பார்ப்பதே சரியான வழி. இரவில் கொசுவுக்கு அஞ்சிச் சாளரத்தை அடைப்போருக்குச் சட்டமிட்ட கொசுவலை உதவும்.

இடுக்குகளை அடைக்க

இடுக்கி என்னும் பெயர், மலைகளுக்கு இடையிலான குறுகிய இடுக்கு என்னும் பொருளிலிருந்து வந்தது என்பர். அந்த மாவட்டத்தின் குளிரூர்களில் வீட்டுச் சாளரத்தின் குறையும் இடுக்குகளே.

ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் உயரமும் உள்ள சாளரத்தைக் கொள்வோம். அதன் நான்கு பக்கங்களின் மொத்த நீளம் 400 சென்டிமீட்டர். மரக்கதவு சுருங்கியதால் நிலைக்கும் கதவுக்கும் இடையே இரண்டு மில்லிமீட்டர் இடுக்கு உண்டானதாகக் கருதலாம். அந்த இடுக்கின் பரப்பு 400 பெருக்கல் 0.2, அதாவது 80 சதுர சென்டிமீட்டர். இது 9 சென்டிமீட்டர் நீளமும் அகலமும் கொண்ட துளைக்கு ஏறத்தாழச் சமம். சுவரில் உள்ளங்கையளவு துளை இருந்தால் எவரும் அன்றே அடைத்துவிடுவர். அதே துளை நான்கு பக்கமும் மெல்லிய கோடாகப் பரவியிருப்பதால் ஒருவர் கண்ணிலும் படுவதில்லை. குளிர் மட்டும் இரவெல்லாம் வருகிறது.

இதற்கான தீர்வு எளிது. கதவு பொருந்தும் விளிம்பில் ரப்பர்ப் பட்டையோ தடித்த துணிப் பட்டையோ ஒட்டினால் இடுக்கு மறையும். கண்ணாடியைப் பிடித்திருக்கும் பட்டி உதிர்ந்திருந்தால் புதிதாகப் பூசலாம். தளர்ந்த கொக்கியை இறுக்கினாலே கதவு நிலையோடு பொருந்திவிடும்.

கண்ணாடி வழியாகவும் வெப்பம் வெளியேறும். உள்ளும் புறமும் 10 டிகிரி வேறுபாடு இருக்கும் இரவில், ஒரு சதுர மீட்டர் ஒற்றைக் கண்ணாடி ஏறத்தாழ 57 வாட் வெப்பத்தை இழக்கிறது. இடையே காற்று அடைத்த இரட்டைக் கண்ணாடியில் அந்த இழப்பு ஏறக்குறையப் பாதியாகும். வெப்பத்தைத் தடுப்பது இரண்டாம் கண்ணாடி மட்டுமன்று. இரண்டுக்கும் இடையே அசையாமல் நிற்கும் காற்றே பெரும்பங்கு தடுக்கிறது. இதே நெறியால், கண்ணாடிக்கு மேல் மூடும் மரக்கதவும், சுவரை ஒட்டித் தரைவரை தொங்கும் தடித்த திரையும் ஓரளவு பயன் தருகின்றன. காலையில் வெயில் வந்ததும் திரையை விலக்கி, அந்தி சாயும்போது மூடுவது செலவில்லாத சிக்கனம்.

ஓர் எச்சரிக்கை இங்கே இன்றியமையாதது. குளிரைத் தடுப்பதற்காகக் காற்றின் எல்லா வழிகளையும் அடைத்தல் ஆகாது. மூடிய அறையில் கரியோ விறகோ எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வளி சேரும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. உறங்குவோரை அது உயிரிழக்கச் செய்யும். ஆதலால் உறங்கும் அறைக்குள் கணப்பு வைத்தல் கூடாது. அடுப்படியின் புகைபோக்கியையும் மேல்திறப்பையும் ஒருபோதும் அடைத்தல் கூடாது. நாள்தோறும் சிறிது நேரம் சாளரங்களைத் திறந்து வைத்தால் ஈரமும் பூஞ்சணமும் குறையும்.

விலையுயர்ந்த கண்ணாடி விடையாகுமா?

குளிர்நாடுகளில் பெருகிய இரட்டைக் கண்ணாடிச் சாளரங்கள் இன்று இந்திய நகரங்களிலும் விற்கப்படுகின்றன. அவை நல்லவையே, எல்லா இடத்துக்கும் ஏற்றவையல்ல. மூடியிருக்கும்போதுதான் அத்தகைய கண்ணாடி பயன் தரும். பகலும் இரவும் குளிர்சாதனம் இயங்கும் அலுவலகத்துக்கு அது பொருந்தும். காற்றுக்காகச் சாளரம் திறந்தே கிடக்கும் பாலக்காட்டு வீட்டில் அதன் பயன் மிகக் குறைவு. வெயிலைக் குறைக்கக் கண்ணாடியில் கருநிறத் தாள் ஒட்டுவோரும் உண்டு. அது வெயிலோடு பகல் ஒளியையும் குறைத்துவிடும். பிறகு பாடம் படிக்கும் பிள்ளைக்கு நண்பகலிலும் விளக்கு எரிய வேண்டும்.

ஊருக்கேற்ற எளிமையைச் செய்து காட்டியவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்த இக்கட்டடக் கலைஞர் 1960-களில், இன்றைய இடுக்கி மாவட்டத்திலுள்ள வாகமண்ணில் சில ஆண்டுகள் வாழ்ந்தார். பின்னர் திருவனந்தபுரத்தில் குடியேறினார். செங்கற்களை இடைவெளிவிட்டு அடுக்கிய பின்னல் சுவர்களை அவர் பல கட்டடங்களில் அமைத்தார். அவை நேர்வெயிலைத் தடுக்கும். காற்றையும் மென்மையான ஒளியையும் உள்ளே விடும். சட்டமும் கண்ணாடியும் கம்பியும் கொண்ட சாளரத்தைவிடக் குறைந்த செலவில் முடியும். பலகணி என்னும் பழஞ்சொல்லுக்குப் பொருத்தமான உருவம் அது. அவருக்கு 1990-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவரும் ஒரே வகைச் சுவரை எல்லா ஊர்க்கும் பரிந்துரைக்கவில்லை; இடத்தை அறிந்து கட்டுவதே அவர் வலியுறுத்திய நெறி. பின்னல் சுவர் மூணாற்றுக் குளிருக்குப் பொருந்தாது என்பதை அந்நெறியே சொல்லிவிடும்.

சாளரத்தைவிடக் கூரையே பெரிது என்று சிலர் கூறலாம். அக்கூற்றில் உண்மை உண்டு. ஒற்றைத் தள வீட்டில் வெயிலை மிகுதியாக வாங்குவது கூரையே. அதற்கு வெள்ளையடித்தல் நற்பயன் தரும். ஆயினும் கூரை தணிந்த பிறகும் மேற்குச் சாளரத்து வெயில் அறையைச் சுடும்; இடுக்கின் குளிரும் நிற்காது. ஒன்று பெரிது என்பதால் மற்றொன்றைக் கைவிட வேண்டியதில்லை.

பொறுப்பு யாருடையது?

வாடகை வீட்டில் சாளரத்தை வாங்குபவர் ஒருவர். அதன் குறையைச் சுமப்பவர் வேறொருவர். மலிவான சாளரத்தைப் பொருத்தினால் வீட்டுக்காரருக்கு அன்றே பணம் மிச்சம். அந்த மிச்சத்துக்கு ஈடாகக் குடியிருப்பவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்கட்டணத்தில் செலுத்துகிறார். கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளில் வேலை செய்ய வந்து ஒற்றை அறையில் தங்கும் குடும்பத்தால் சுவரை இடித்து எதிர்ச் சாளரம் வைக்க இயலாது. ஒரே சாளரம் உள்ள அறையில் காற்று நுழைந்தாலும் வெளியேற வழியில்லை.

தேயிலைத் தோட்டத்து லயங்களிலும் இதே நிலைதான். அங்கு சாளரத்தின் குறை விறகுக் கட்டாக உருவெடுக்கிறது. நாள் முழுதும் கொழுந்து பறித்துவிட்டுத் திரும்பும் பெண், இடுக்கு வழியே வெளியேறும் வெப்பத்துக்கும் சேர்த்தே விறகு சுமக்கிறார். தோட்டத் தொழிலாளருக்கு வீடு அளிப்பதையும் அதைப் பராமரிப்பதையும் 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் உரிமையாளரின் கடமையாக்கியது. உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக அட்டையையும் சாக்கையும் செருகி வைப்பது பராமரிப்பு ஆகாது.

அரசின் விதிகளும் இவ்வீடுகளை எட்டவில்லை. வீடுகளின் ஆற்றல் சிக்கனத்துக்காக இந்திய அரசு 2018 டிசம்பரில் 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்னும் நெறிமுறையை வெளியிட்டது. அது சாளரத்தின் திறக்கும் பரப்பைக் காலநிலைக்கு ஏற்ப வகுக்கிறது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த மண்டலத்தில் அது தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருத்தல் வேண்டும்; குளிர் மண்டலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும். நகரும் சாளரத்தின் பாதிப் பரப்பை மட்டுமே அது கணக்கில் கொள்கிறது. ஊருக்கு ஒரு சாளரம் என்னும் உண்மையை இந்நெறிமுறையும் ஏற்கிறது. ஆனால் அது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள மனைகளில் எழும் குடியிருப்புகளைக் கருதியே வகுக்கப்பட்டது. ஒற்றை அறை வாடகை வீட்டுக்கும் பழைய லயத்துக்கும் அதனால் பயனில்லை. வெப்பமும் குளிரும் மிகுதியாகத் தாக்கும் வீடுகளே விதிக்கு வெளியே நிற்கின்றன. கட்டட அனுமதி தரும் ஊராட்சிகள், எதிரெதிரே இரு திறப்புகளும் மேற்குச் சாளரத்துக்கு மறைப்பும் இல்லாத வாடகை அறைகளை ஏற்காதிருத்தல் வேண்டும். தோட்ட நிர்வாகங்கள் ஆண்டுதோறும் மழைக்கு முன் லயங்களின் சாளரங்களைச் செப்பனிடுதல் வேண்டும்.

இதனால் பயன்பெறுவது குடியிருப்போர் மட்டுமல்லர். 1976-இல் தொடங்கப்பட்ட இடுக்கி நீர்மின் திட்டத்தின் திறன் 780 மெகாவாட். 2024-ஆம் ஆண்டுக் கோடையில் கேரளத்தின் உச்ச மின்தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. ஒரு பேரணை தரும் மின்சாரத்தைப் போல் ஏழு மடங்குக்கும் மேலான தேவை அது. தேவையின் பெரும்பகுதியை மாநிலம் வெளியிலிருந்து விலைக்கு வாங்குகிறது. வீடுதோறும் தடுக்கப்படும் வெயில், வாங்க வேண்டாத மின்சாரமாகும்.

மாணவர் செய்யத்தக்கவை

வீட்டின் சாளரத்தை அறிய மாணவர்க்குப் பெரிய கருவி எதுவும் வேண்டா. ஒரு தாள் துண்டைக் கதவுக்கும் நிலைக்கும் இடையே வைத்துச் சாளரத்தை மூடுக. தாள் எளிதில் உருவி வந்தால் அங்கு இடுக்கு உண்டு. பெரியவர் துணையுடன், திரைகளுக்கு எட்ட, ஊதுவத்தியை விளிம்பருகே பிடித்தால் புகை வளையும் இடம் காற்றுப் புகும் இடத்தைக் காட்டும். காலை எட்டு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் எந்தச் சாளரத்தில் வெயில் விழுகிறது என்று ஒரு வாரம் குறித்து வைக்கலாம். அறையின் நீள அகலத்தை அளந்து, திறக்கும் பரப்பு ஆறில் ஒரு பங்கு உள்ளதா எனக் கணக்கிடலாம்.

அவ்வாறு எழுதிய குறிப்பைப் பெற்றோர் வீட்டுக்காரரிடமோ தோட்ட அலுவலகத்திலோ காட்டலாம். 'வீடு சுடுகிறது', 'வீடு குளிர்கிறது' என்னும் முறையீட்டை எளிதில் தள்ளிவிடுவர். 'மேற்குச் சாளரத்தில் நாள்தோறும் மூன்று மணி நேரம் வெயில் விழுகிறது. ஒரு தட்டி வேண்டும்' என்று அளவோடு எழுதிய விண்ணப்பத்துக்கு விடை சொல்லியாக வேண்டும். பிறர் கட்டிய வீட்டில் வாழும் குடும்பத்துக்கும் காற்றையும் வெயிலையும் பற்றிக் கேட்க உரிமை உண்டு. அதை முறையாகக் கேட்கக் கற்பதும் கல்வியே.